முதியோர் இல்லத்தில் மருந்துகள்: பூட்டு மட்டும் போதுமா?

கடந்த கோடையில் ஒரு விடியற்காலை, குத்தம்பாக்கத்தை அடுத்துள்ள முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து 78 வயது மூதாட்டி ஒருவர் 108 ஆம்புலன்ஸில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெயர் சொல்லி அழைத்தால் பதில் இல்லை; உடல் முழுவதும் வியர்வை. பக்கவாதமாக இருக்குமோ என்று உடன் வந்த பணிப்பெண் அஞ்சினார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 34 மில்லிகிராம் என்றிருந்தது. சிரை வழியே குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் அம்மா கண் திறந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவர் முதலில் கேட்டது, "மணி என்ன?" என்பதுதான்.

அம்பத்தூரிலிருந்து விரைந்து வந்த மகன், வழியில் இல்லத்தில் நின்று தாயாரின் மருந்துகளை ஒரு கட்டைப்பையில் வாங்கி வந்திருந்தார். அதை மேசைமேல் கொட்டிப் பரப்பினோம். சிறிதும் பெரிதுமாக 23 மாத்திரை அட்டைகள். சர்க்கரைக்காக வெளியூர் மருத்துவர் ஒருவர் எழுதிய கூட்டு மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு மருத்துவமனையில் தங்கித் திரும்பியபோது எழுதப்பட்ட மாத்திரையிலும், வேறு வணிகப் பெயரில், அதே கிளிமிபிரைடு இருந்தது. இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபினும் அவ்வாறே இரண்டு பெயர்களில் இருந்தது. மூன்று அட்டைகளில் பெயரே இல்லை. கடையில் கத்தரித்துக் கொடுத்தபோது பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிட்டன.

"பையில இருந்த எல்லாத்தையும் நேரம் தவறாம குடுத்தேன், டாக்டர். ஒரு வேளைகூட விட்டதில்ல" என்றார் பணிப்பெண், கண் கலங்கியபடி. அவர் சொன்னது முழு உண்மை. அந்த உண்மைதான் அம்மாவை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. முந்தைய இரவு பசியில்லை என்று ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிட்டாராம். மாத்திரைகள் மட்டும் இரண்டும் உள்ளே போயிருந்தன.

இவ்வகை மாத்திரைகளால் வரும் தாழ்சர்க்கரை, ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றியதும் முடிந்துவிடுவதில்லை. மருந்தின் வேலை உடலில் நீடிக்கும் வரை சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கும். வயதினால் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தால் அந்தக் காலம் இன்னும் நீளும். எனவே அம்மாவை இரண்டு நாட்கள் தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டியிருந்தது.

பின்னர் ஒரு நாள் அந்த இல்லத்திற்கு நேரில் சென்றோம். எஃகு அலமாரி, உறுதியான பூட்டு, ஒவ்வொருவர் பெயரும் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள் என யாவும் ஒழுங்காகவே இருந்தன. எந்த டப்பாவில் எந்த மருந்து இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு தாள் மட்டும் அங்கே இல்லை. டப்பாவில் எது கிடந்ததோ அதுவே மருத்துவர் எழுதிய சீட்டாகிவிட்டது. யார் கொண்டுவந்து போட்டாலும் அது மருந்து. ஒருமுறை உள்ளே போனது வெளியே வர வழியில்லை.

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, திருநின்றவூர் என்று நம் மேற்குப் புறநகர்ப் பகுதியில் முதியோர் இல்லங்கள் பல உள்ளன. சிலவற்றில் இரவும் பகலும் செவிலியர் உண்டு. பலவற்றில் சமையலையும் குளிப்பாட்டுதலையும் கவனிக்கும் அதே பணிப்பெண்தான் மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிறார். (நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய மருத்துவமனை என்றே பொருள் கொள்கிறோம். இங்கே நாம் பேசுவது முதியோர் நெடுங்காலம் தங்கி வாழும் இல்லங்களைப் பற்றி.) வேலை காரணமாகவோ, வீட்டில் ஆள் இல்லாமையாலோ பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. சேர்த்த பின்னரும் அவர்கள் கையில் எஞ்சியிருக்கும் வேலை எது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கைமாறும் இடங்கள்

வசதி மிகுந்த நாடுகளிலும் இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 55 இல்லங்களில் வாழ்ந்த 256 முதியோரின் மருந்துகளை நுணுகி ஆராய்ந்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டு வெளியானது. அவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாக 8 மருந்துகள் உட்கொண்டனர். ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்குக் குறைந்தது ஒரு பிழையாவது நேர்ந்திருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பெருந்தீங்கு விளைவிப்பன அல்ல என்பது ஆறுதல். ஆனால் பிழைகள் ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் எழுதியதில் சில, மருந்தகம் வழங்கியதில் சில, இல்லத்தில் கொடுத்ததில் சில, பின்தொடர்ந்து பரிசோதிக்காமல் விட்டதில் சில. அதாவது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்று சிந்தியிருக்கிறது.

எங்கள் பங்கையும் மறைப்பதற்கில்லை. மருந்தின் பொதுப்பெயரை, தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டே தன் விதியைத் திருத்தியது. அதன் பின்னரும் வணிகப் பெயரை மட்டும் கிறுக்கிக் கொடுக்கும் பழக்கம் எங்களில் பலரை விட்டபாடில்லை. புதிய மருந்தை எழுதும்போது, "பழையதை நிறுத்திவிடுங்கள்" என்ற ஒரு வரியை எழுத மறந்துவிடுகிறோம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஆசிரியை அம்மா அன்று இங்கே வந்திருக்கமாட்டார்.

அரசு வழியாக வரும் மருந்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பலருக்கு அது பெரும் உதவி. ஆனால் தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையும் அரசு தந்த மாத்திரையும் ஒரே மருந்தாக இருக்கக்கூடும். அட்டை வேறு, நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் கொடுப்பவருக்கு அது தெரியாது. வாங்குவது எங்கிருந்தாலும் சரி, இரண்டு இடத்து மாத்திரைகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அலமாரியும் அனலும்

மருந்தைப் பூட்டி வைப்பது இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. மறதி நோய் உள்ள ஒருவர் பக்கத்துப் படுக்கைக்காரரின் மாத்திரையை மிட்டாய் என்று எண்ணி வாயில் போட்டுக்கொள்வது நடக்கக்கூடியதே. காயம் கழுவும் மருந்தும் இருமல் மருந்தும் ஒரே அளவுக் குப்பிகளில் அருகருகே நின்றால், இரவு விளக்கில் இரண்டும் ஒன்றுதான். எனவே உட்கொள்வதற்கு ஒரு தட்டு, பூசுவதற்கு ஒரு தட்டு என்று பிரித்துவிட வேண்டும். ஃபினாயில், கொசு மருந்து போன்றவற்றுக்கு அந்த அறையிலேயே இடம் கூடாது.

ஆனால் பூட்டுக்கும் ஒரு தீமை உண்டு. இரவு எட்டு மணிக்கு மேலாளர் வீட்டுக்குப் போகும்போது சாவியும் அவரோடு போய்விடும் இல்லங்களை நாங்கள் அறிவோம். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து, தாழ்சர்க்கரைக்குக் குளுக்கோஸ் பொடி ஆகியவை பூட்டுக்குள் இருக்கலாகாது. அவை உரியவரின் கைக்கு எட்டும் இடத்திலோ, இரவுப் பணியாளர் நொடியில் எடுக்கும் இடத்திலோ இருக்க வேண்டும். இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, "இரவு இரண்டு மணிக்குச் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். விடை உடனே வராவிட்டால் ஏற்பாடு இல்லை என்று பொருள்.

தெளிவாக இருக்கும் முதியவரிடமிருந்து அவருடைய மருந்தைப் பறித்துக்கொள்வதையும் நாங்கள் ஏற்பதில்லை. நாற்பது ஆண்டுகள் தம் மாத்திரையைத் தாமே எடுத்துக்கொண்டவர், இல்லத்துக்கு வந்த மறுநாளே கை நீட்டி நிற்க வேண்டியதில்லை. பெயரும் வேளையும் சரியாகச் சொல்கிறாரா, அட்டையைப் பிரிக்க விரல்கள் ஒத்துழைக்கின்றனவா, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, படுக்கையருகே பூட்டக்கூடிய ஒரு சிறு இழுப்பறை கொடுத்தால் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கலாம்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. மாத்திரை அட்டைகளில் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் வைக்குமாறு அச்சிட்டிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் நம் பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. சிமெண்டுத் தகடு வேய்ந்த அறைக்குள் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளில் மருந்து வைக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: சன்னல் திட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கம், அடுப்பங்கரை அலமாரி, குளிர்பதனப் பெட்டியின் மேல். பெட்டியின் உள்ளேதான் குளிர். பின்புறமும் மேற்புறமும் வெப்பம் வெளியேறும் இடங்கள். இல்லங்களிலும் இதே பழக்கம் தொடர்கிறது. சுவரோரமாக, வெயில் படாத, ஈரமற்ற, காற்றோட்டமுள்ள அறையில் அலமாரி இருக்கட்டும். பத்து மாத்திரைக்கு ஒரு டப்பா என்று முன்கூட்டியே உரித்துக் கொட்டி வைக்க வேண்டாம். அட்டையைக் கத்தரிக்க நேர்ந்தால், பெயரும் தேதியும் உள்ள முனையைக் கடைசி வரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்து எடுங்கள்.

இன்சுலினுக்கு வெப்பமும் ஆகாது, உறைபனியும் ஆகாது. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால், உருகிய பின் பார்ப்பதற்குப் பழையபடியே தோன்றினாலும் அதை நம்பக் கூடாது, எறிந்துவிட வேண்டும். கதவுத் தட்டில் வைத்தால் திறக்குந்தோறும் சூடாகும். நடுத் தட்டே நல்லது. திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரங்களுக்குமேல் பயன்படுத்தலாகாது. ஆகவே திறந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதுங்கள். கண் சொட்டு மருந்துக்கும் இதே பழக்கம் வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்தில், ஈர மணலின்மேல் வைத்த மண்பானைக்குள், நீர் படாதபடி உறையிட்டு, பயன்பாட்டில் உள்ள குப்பியை வைப்பது நம் மக்கள் அறிந்த முறை. வெளியே கொளுத்தும் நாளில் அதுவும் பயன் தரும்.

விழுங்கும் வரை

அலமாரியிலிருந்து எடுத்த மாத்திரை வயிற்றைச் சேரும் வரை உள்ள தொலைவு மிகக் குறைவு. ஆனால் அதற்குள் நேரும் தவறுகள் பல. தலையணை உறைக்குள், சுருக்குப் பைக்குள், துளசி மாடத்தின் மண்ணுக்குள் மாத்திரைகளைக் கண்டெடுத்த கதைகளை இல்லப் பணியாளர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தொண்டையில் அடைக்கிறது, கசக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. திட்டினால் ஒளிக்கும் இடம் மாறும். மாத்திரை உள்ளே போகாது. காரணத்தைக் கேட்டு எங்களிடம் சொன்னால், நீர் பிரியும் மாத்திரையின் வேளையை மாற்றலாம், பெரிய மாத்திரைக்குப் பதில் திரவ மருந்து தரலாம்.

கொடுப்பவர் அருகில் நின்று, நீர் கொடுத்து, விழுங்கிய பிறகே பதிவுத் தாளில் குறியிட வேண்டும். எல்லோருக்கும் முன்கூட்டியே குறி போட்டுவிட்டு மாத்திரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது வேலையை எளிதாக்கும், தாளைப் பொய்யாக்கிவிடும். ஓர் இல்லத்தில் மூன்று சரோஜா அம்மாக்கள் இருப்பது நம் ஊரில் வியப்பன்று. எனவே பதிவுத் தாளின் மூலையில் உரியவரின் புகைப்படம் ஒன்றை ஒட்டிவையுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

விழுங்க முடியாதவருக்கு மாத்திரையை இடித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பது பரவலான வழக்கம். சில மாத்திரைகள் நாள் முழுவதும் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. இடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கும். சிலவற்றுக்கு இரைப்பை அமிலத்திலிருந்து காக்கும் மேலுறை உண்டு. இடித்தால் மருந்து வீண். எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

நேரமும் முக்கியம். இல்லத்தின் மணி ஒன்று, உடலின் மணி ஒன்று. காலை எட்டு மணிக்கு இட்லியோடு எல்லா மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வசதிதான். ஆனால் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், நீருடன், காபிக்கு அரை மணி நேரத்துக்கு முன் செல்ல வேண்டியது. அதோடு கால்சியமோ இரும்புச்சத்தோ சேர்ந்தால் உடல் அதை ஏற்காது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நடுக்குவாத நோயாளிக்கு லெவோடோபா ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் நாற்காலியிலிருந்து எழவே முடியாமல் போகலாம். அதைக் கண்டு, 'சோம்பேறித்தனம்' என்று ஒரு பணியாளர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று அவருக்கு மாத்திரை கொடுக்கப்படவில்லை என்பது தாளைப் பார்த்த பிறகே தெரிந்தது.

எண்ணிக்கை கேட்கும் மருந்துகள்

எல்லா மருந்துக்கும் ஒரே அளவு காவல் தேவையில்லை. வைட்டமின் மாத்திரை ஒன்று தவறினால் குடிமுழுகிவிடாது. முதுமையில் தனிக் கவனம் கேட்கும் மருந்துகள் சில உண்டு என்பதை மருத்துவ உலகம் மெல்லத்தான் உணர்ந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது 1978இல். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலை 1991இல் வெளியிட்டார். இன்றும் திருத்தப்பட்டுப் பயன்படும் அப்பட்டியல் முதன்முதலில் இல்லங்களில் வாழும் முதியோருக்காகவே உருவாக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்க வேண்டிய மருந்துகளை நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். மூட்டுவாதத்திற்கான மெத்தோடிரெக்சேட் அவற்றுள் முதன்மையானது. அதை நாள்தோறும் கொடுத்துவிட்டால் வாய்ப்புண் தோன்றி, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய மாத்திரையை அன்றாட டப்பாவில் போடவே வேண்டாம். தனி உறையில், 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையோடு எழுதி வையுங்கள். எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட்டும் வாரம் ஒருமுறைக்குரியதே. அதை விழுங்கியபின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

இன்சுலினில் நம் நாட்டுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு; பேனாவுக்குரிய கார்ட்ரிட்ஜில் 100 அலகு. முன்னதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால், அளவுக்கோட்டில் சரியாக நின்றிருந்தும் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். ஓர் இல்லத்தில் இரண்டு வகையும் புழங்கினால், ஊசியும் குப்பியும் ஒரே டப்பாவில் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்சுலினை எண்ணி வைக்க வேண்டும் என்பதற்குக் கனடா ஒரு கசப்பான பாடம் தந்துள்ளது. ஒன்டாரியோ மாநிலத்தில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற செவிலியர், இல்லங்களில் வாழ்ந்த எட்டு முதியோரை இன்சுலின் செலுத்திக் கொன்றதாக ஒப்புக்கொண்டு 2017இல் ஆயுள் தண்டனை பெற்றார். அவர் தாமாகவே வாக்குமூலம் தந்திராவிட்டால் அக்குற்றங்கள் வெளிப்பட்டே இருக்கமாட்டா என்று 2019இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை கூறியது. போதை தரும் வலிநிவாரணிகள் அங்கே எண்ணி வைக்கப்பட்டன. இன்சுலின் அவ்வாறு எண்ணப்படவில்லை. இதைப் படித்து யாரும் தம் இல்லத்துப் பணியாளரை ஐயத்தோடு பார்க்க வேண்டாம். அப்படியொரு மனிதர் அரிதிலும் அரிது. குப்பி எப்போது வந்தது, எப்போது தீர்ந்தது என்ற இரண்டு வரிக் கணக்கு, நேர்மையான பணியாளரையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

தூக்க மாத்திரைகளைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். அல்பிரசோலம், சோல்பிடெம், வலிக்கான டிரமடால் முதலியவை அட்டவணை 'எச்1' என்ற பிரிவில் அடங்கும். 2014 மார்ச் முதல், இவற்றை விற்கும் மருந்தகம் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடைக்கு இருக்கும் இந்தக் கணக்கு, மாத்திரை இல்லத்துக்குள் நுழைந்தவுடன் நின்றுவிடலாகாது. மறதி நோயாளியின் இரவுக் கூச்சலுக்காக மனநல மருந்து தரப்படுவதும் உண்டு. சில வேளைகளில் அது தேவைதான். ஆனால் மறதி நோயுள்ள முதியோரிடம் அத்தகைய மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005ஆம் ஆண்டிலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. பகல் பதினொரு மணிக்கு நீங்கள் போகும்போதெல்லாம் அப்பா உறங்கிக்கொண்டே இருந்தால், "நன்றாகத் தூங்குகிறார்" என்று மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். என்ன மருந்து, யார் எழுதியது, எதுவரை என்று கேளுங்கள். பணியாளர் குறைவுக்கு மாத்திரை மருந்தாகாது.

பிள்ளைகளின் பங்கு

இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது முதலில் ஒரு தாள். மருந்துப் பை அதற்குப் பின்னர்தான். அந்தத் தாளில் மருந்தின் பொதுப்பெயர், வணிகப் பெயர், அளவு, வேளை, எதற்காக, எழுதிய மருத்துவர், தேதி ஆகியவை இருக்கட்டும். அதன் கீழே ஒரு கோடு போட்டு, நிறுத்தப்பட்ட மருந்துகளையும் எழுதுங்கள். இந்த இரண்டாம் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வாமை இருந்தால் தாளின் தலையில் சிவப்பில் எழுதுங்கள். ஒரு படி இல்லத்தில், ஒரு படி உங்கள் கைப்பேசியில், ஒரு படி நோயாளியின் கோப்பில். மருந்து மாறிய அன்றே மூன்றும் மாற வேண்டும். பழைய அட்டைகளை அன்றே எடுத்து வந்துவிட வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பும் நாளில் விழிப்பு மிகுதியாகத் தேவை. பணம் கட்டுவது, வண்டி பிடிப்பது என்ற பரபரப்பில் டிஸ்சார்ஜ் சுருக்கம் கட்டைப்பையின் அடியில் போய்விடும். புறப்படும் முன் செவிலியரிடம் நின்று, பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்து, "எது தொடரும், எது நிற்கும், எது புதிது?" என்று கேட்டுக் குறியிட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அவசரத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் கேளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியம், உறவினர் கொண்டுவந்த சூரணம், மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை ஆகியவையும் தாளில் ஏற வேண்டும். பார்க்க வரும் உறவினர் அன்போடு தலையணை அடியில் செருகிவிட்டுப் போகும் வலி மாத்திரை, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உண்பவருக்குக் குடலில் இரத்தக்கசிவையே உண்டாக்கக்கூடும்.

சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. பெற்றோர் மறைந்தபின், எஞ்சிய மருந்துகளை இல்லத்திற்கே தானமாகக் கொடுத்துவிட்டு வருவது நம் மக்களிடையே நல்லெண்ணத்தோடு நடக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள மனத்தை மதிக்கிறோம். ஆனால் பாதி தீர்ந்த அட்டைகளும் எவ்வெப்பத்தில் இருந்தன என்று தெரியாத குப்பிகளும் அடுத்தவரின் டப்பாவுக்குள் போவது இப்படித்தான். அரிசியோ போர்வையோ கொடுங்கள். மருந்தை மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்து, அழிக்கும் வழியைக் கேளுங்கள்.

இல்லத்தில் ஐயம் எழுந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும், முதியோருக்கான 14567 என்ற எண்ணும் உள்ளன. ஒருவர் வழக்கத்துக்கு மாறாக வியர்த்து, குழறிப் பேசி, மயங்கினால் காத்திராமல் 108ஐ அழையுங்கள். விழிப்போடு விழுங்கக்கூடியவராயின் சர்க்கரை கரைத்த நீர் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

ஆசிரியை அம்மா இப்போது நலமாக உள்ளார். மருந்துகளைச் சீர்செய்ததில் ஆறு மட்டுமே எஞ்சின. கிளிமிபிரைடு முற்றிலும் நிறுத்தப்பட்டது. இல்லத்தில் எல்லோருக்கும் புகைப்படத்தோடு பதிவுத் தாள் தயாராகிவிட்டது. தம் தாளை அம்மா தாமே வைத்துக்கொண்டு, பணிப்பெண் குறியிட்ட பிறகு தாமும் ஒரு சிறு கோடு போடுகிறாராம். சென்ற முறை புறநோயாளிப் பிரிவுக்கு வந்தபோது, நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். தைராய்டு மாத்திரைக்கு நேராகவும் கால்சியத்துக்கு நேராகவும் 'காலை' என்றே எழுதியிருந்தோம். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டாவதை வட்டமிட்டு, தாளை எங்களிடமே திருப்பித் தந்தார்.